ஃபில்டர் வாங்கும் முன் தண்ணீரைத் தெரிந்துகொள்ளுங்கள்: ரசாயனம் கலந்த குடிநீரும் வீட்டு வடிகட்டியும்

இரண்டு கண்ணாடி டம்ளர். ஒன்றில் எங்கள் வீட்டுக் குழாய்த் தண்ணீர், இன்னொன்றில் விற்க வந்தவர் தன்னுடைய மெஷினில் பிடித்த தண்ணீர். நாலு கம்பி நீட்டிக்கொண்டிருந்த ஒரு கருப்புப் பெட்டியை இரண்டு டம்ளரிலும் ஒரே நேரத்தில் இறக்கி சுவிட்சைப் போட்டார். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, எங்கள் தண்ணீரில் பச்சையும் பழுப்புமாக ஏதோ நூல் நூலாக இறங்கி, கடைசியில் டம்ளர் முழுக்கச் சாக்கடை நிறமாகிவிட்டது. அவருடைய தண்ணீர் அப்படியே தெளிவாக நின்றது. "இதைத்தான் சார் நீங்க தினமும் குடிக்கிறீங்க" என்றார். அன்றைக்கே வாங்கிவிட்டேன்.

பிறகுதான் விஷயம் புரிந்தது. அந்தக் கம்பிகளில் பாதி இரும்பு. சாதாரணத் தண்ணீரில் உப்புகள் கரைந்திருப்பதால் மின்சாரம் பாய்கிறது, பாய்ந்தால் இரும்புக் கம்பியே கரைந்து துருவாக இறங்குகிறது. டம்ளரில் வந்த அழுக்கு தண்ணீரில் இருந்ததே இல்லை, கம்பியில் இருந்து வந்தது. உப்பு நீக்கிய தண்ணீரில் மின்சாரம் அவ்வளவாகப் பாயாது, அதனால் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. யாராவது உங்கள் வீட்டில் இந்த வித்தையைக் காட்டினால், அவருடைய "சுத்தமான" டம்ளரில் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டு மறுபடி சுவிட்சைப் போடச் சொல்லுங்கள். அதுவும் சாக்கடையாகும்.

அந்த மெஷின் மோசமானது என்று சொல்லவில்லை. எங்கள் தண்ணீரில் என்ன பிரச்சினை என்று தெரியாமலே வாங்கினேன், அவ்வளவுதான். எல்லா ரசாயனத்தையும் எடுக்கிற ஃபில்டர் என்று ஒன்று கிடையாது. கார்பன் எடுக்கும் சிலவற்றை ஆர்ஓ (மெம்பிரேன் என்ற நுண்சவ்வு வழியாகத் தண்ணீரை அழுத்தி வடிகட்டும் முறை) விட்டுவிடும், ஆர்ஓ எடுக்கும் பலவற்றை கார்பன் தொடவே தொடாது. எனவே வரிசை இதுதான்: தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பது, அதில் என்ன இருக்கிறது என்று ஆய்வகத்தில் சோதிப்பது, அதற்கேற்ற வடிகட்டியை வாங்குவது, வாங்கிய பிறகு அது வேலை செய்கிறதா என்று திரும்பச் சோதிப்பது. பெரும்பாலோர் மூன்றாவது படியில் ஆரம்பித்து அங்கேயே முடித்துவிடுகிறோம்.

தண்ணீரின் பூர்வீகம்

நிலத்தடி நீர் என்றால் முதல் சந்தேகம் பாறை மேல்தான். ஃபுளோரைடு, ஆர்சனிக், யுரேனியம், இரும்பு, மாங்கனீஸ், கடினத்தன்மை எல்லாம் மண்ணிலும் பாறையிலும் இருந்து தானாகவே கரைந்து வருபவை. யாரும் வந்து கொட்ட வேண்டியதில்லை. பக்கத்தில் விவசாய நிலமோ, கால்நடைப் பண்ணையோ, மலக்குழியோ இருந்தால் நைட்ரேட்டைச் சேர்த்துக்கொள்ளுங்கள், விவசாயம் என்றால் பூச்சிக்கொல்லியையும். தோல் பதனிடுதல், முலாம் பூசுதல் போன்ற தொழில்கள் நடக்கும் இடம் என்றால் குரோமியம். பெட்ரோல் பங்க், டிரை கிளீனிங், பழைய தொழிற்சாலை என்றால் எளிதில் ஆவியாகும் கரைப்பான்கள். தீயணைப்பு நுரை அடிக்கடி பயன்படுத்தப்பட்ட விமான தளங்கள் பக்கம் என்றால் பிஎஃப்ஏஎஸ் என்ற, சூழலில் எளிதில் சிதையாத ரசாயனக் குடும்பம்.

குழாய் வழியாக வரும் பொது விநியோகத் தண்ணீருக்குக் கதை வேறு. அது சுத்திகரிப்பு நிலையத்தை விட்டுக் கிளம்பும்போது நன்றாக இருக்கலாம், உங்கள் டம்ளருக்கு வந்து சேருவதற்குள் கெடலாம். ஈயம் அப்படித்தான் வரும். அமெரிக்காவின் ஃபிளின்ட் நகரத்தில் 2014 ஏப்ரலில் தண்ணீர் எடுக்கும் இடத்தை ஆற்றுக்கு மாற்றினார்கள், ஆனால் குழாய் அரிப்பைத் தடுக்கும் மருந்தைச் சேர்க்கவில்லை. பழைய ஈயக் குழாய்களின் உட்புறம் படிந்திருந்த காப்புப் படலம் கரைந்து, ஈயம் வீடுகளுக்குள் வந்தது. இன்னொன்று குளோரின். கிருமியைக் கொல்ல அது தேவைதான், ஆனால் தண்ணீரில் இருக்கும் இலைதழைச் சத்துகளோடு சேர்ந்து டிரைஹாலோமீத்தேன் போன்ற துணைப்பொருள்களை உண்டாக்கும். அதற்காக குளோரினே வேண்டாம் என்று கிளம்பிவிடாதீர்கள், கிருமி இதைவிட வேகமாக ஆளைச் சாய்க்கும்.

கண்ணும் மூக்கும் எவ்வளவு தூரம் உதவும்

கொஞ்ச தூரம் உதவும். வாளியில் செம்பழுப்புக் கறை என்றால் இரும்பு, கருப்பாகப் படிந்தால் மாங்கனீஸ், வாஷ்பேசினில் நீலப்பச்சைக் கறை என்றால் அமிலத்தன்மையுள்ள தண்ணீர் செம்புக் குழாயைத் தின்கிறது. அழுகிய முட்டை நாற்றம் என்றால் ஹைட்ரஜன் சல்ஃபைடு. அந்த நாற்றம் வெந்நீரில் மட்டும் வந்தால் தண்ணீரைச் சந்தேகப்படும் முன் கீசரைப் பாருங்கள், உள்ளே இருக்கும் மெக்னீசியத் தண்டு பல நேரம் இந்த வேலையைச் செய்யும். பெட்ரோல், பெயின்ட், தின்னர் வாடை வந்தால் குடிப்பதை உடனே நிறுத்துங்கள்.

ஆனால் ஆர்சனிக், ஈயம், ஃபுளோரைடு, நைட்ரேட் ஆகிய நான்கும், குடிநீரில் வழக்கமாகக் காணப்படும் அளவில், நிறம் காட்டாது, மணக்காது, ருசி மாறாது. வங்கதேசத்தில் குளத்து நீரின் கிருமிக்குப் பயந்து லட்சக்கணக்கில் குழாய்க் கிணறு போட்டார்கள். தண்ணீர் கண்ணாடி மாதிரி வந்தது, மக்களும் நம்பிக் குடித்தார்கள். அதில் ஆர்சனிக் இருப்பது 1990களில்தான் வெளியே தெரிந்தது. அப்புறம்தான் கிணறு கிணறாகச் சோதித்து, ஆபத்தானதற்குச் சிவப்பும் பரவாயில்லாததற்குப் பச்சையும் அடித்தார்கள். ஒரே தெருவில் ஒன்று சிவப்பு, அடுத்தது பச்சை. அதனால் "பக்கத்து வீட்டில் டெஸ்ட் பண்ணிட்டாங்க, நல்லா இருக்காம்" என்பது உங்கள் போர்வெல்லுக்குச் செல்லாது.

பேனா மாதிரி இருக்கும் டிடிஎஸ் மீட்டரையும் (தண்ணீரில் கரைந்த மொத்த உப்பைக் காட்டும் கருவி) இங்கேயே முடித்துவிடுவோம். அந்தப் பேனா அளப்பது தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு பாய்கிறது என்பதை மட்டும், அதைவைத்து மொத்த உப்பை உத்தேசமாகச் சொல்கிறது. எந்த உப்பு என்று அதற்குத் தெரியாது. உலக சுகாதார நிறுவனம் ஆர்சனிக்குக்குச் சொல்லும் வழிகாட்டு அளவு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம், அதாவது பத்து லட்சம் லிட்டரில் 10 கிராம். டிடிஎஸ் மீட்டரின் ஒரு எண் ஏறி இறங்கினாலே அது 1,000 மைக்ரோகிராம். அந்த வரம்பைப் போல ஐந்து மடங்கு ஆர்சனிக் இருந்தாலும் மீட்டரில் ஒரு எண்கூட அசையாது. பூச்சிக்கொல்லி, பெட்ரோல் போன்றவை மின்சாரத்தைக் கடத்துவதே இல்லை என்பதால் மீட்டருக்கு அவை சுத்தமாகத் தெரியாது. மாறாக 600 காட்டும் தண்ணீர் வெறும் சுண்ணாம்பும் மெக்னீசியமுமாக இருக்கலாம். இந்த மீட்டர் தண்டம் இல்லை, அதற்கான வேலை பின்னால் வருகிறது.

சோதனை: எதைக் கேட்பது, எப்படிப் பிடிப்பது

ஐஎஸ்ஓ 17025 அங்கீகாரம் உள்ள ஆய்வகமாகப் பாருங்கள். அந்த அங்கீகாரம் நீங்கள் கேட்கும் சோதனைக்கு இருக்கிறதா என்றும் கேளுங்கள், பெயர்ப்பலகையில் இருந்தால் மட்டும் போதாது. ஃபில்டர் விற்பவர் இலவசமாகச் செய்து தரும் சோதனையை வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

நிலத்தடி நீருக்கு அடிப்படைப் பட்டியல்: பிஎச் (அமில, காரத் தன்மையின் அளவு), டிடிஎஸ், கடினத்தன்மை, நைட்ரேட், ஃபுளோரைடு, ஆர்சனிக், இரும்பு, மாங்கனீஸ், ஈயம், கூடவே கோலிஃபார்ம் கிருமிச் சோதனை. பாறைப் பகுதி என்றால் யுரேனியம். பூச்சிக்கொல்லி, கரைப்பான், பிஎஃப்ஏஎஸ் சோதனைகளுக்குச் செலவு அதிகம், எனவே சுற்றுவட்டாரத்தில் காரணம் இருந்தால் மட்டும் கேளுங்கள். குழாய்த் தண்ணீர் என்றால் ஈயமும் செம்பும் முதலில், அப்புறம் குளோரின் துணைப்பொருள்கள்.

மாதிரி பிடிப்பதில் பலர் கோட்டை விடுகிறோம். குளிர்பானப் பாட்டிலைக் கழுவிப் பிடித்துக்கொண்டு போனால் அந்த முடிவை நம்பிப் பயனில்லை. ஆய்வகமே பாட்டில் தரும். உலோகச் சோதனைக்கான பாட்டிலில் சில சமயம் அடியில் கொஞ்சம் நைட்ரிக் அமிலம் இருக்கும், உலோகம் பாட்டில் சுவரில் ஒட்டாமல் இருக்க. ஏதோ அழுக்கு என்று அலசிக் கொட்டிவிடாதீர்கள், கையில் பட்டால் எரியும் வேறு. ஆவியாகும் கரைப்பானுக்கு விரல் நீளக் கண்ணாடிக் குப்பி தருவார்கள். தண்ணீர் சலசலக்காமல் மெல்லிசாக விட்டு, விளிம்புக்கு மேல் குமிழ்ந்து நிற்கும் வரை நிரப்பி, அப்புறம் மூட வேண்டும். மூடியதும் தலைகீழாகக் கவிழ்த்து விரலால் தட்டிப் பாருங்கள். கடுகளவு காற்றுக்குமிழி மேலே ஏறினாலும் குப்பியைத் திறந்து திரும்ப நிரப்புங்கள், ஏனென்றால் நீங்கள் தேடுகிற பொருள் அந்தக் குமிழிக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும்.

ஈயத்துக்கு இன்னொரு விதி. குழாயில் தண்ணீர் குறைந்தது ஆறு மணி நேரம் அசையாமல் நின்றிருக்க வேண்டும், ஆகவே காலையில் எழுந்ததும், யாரும் எந்தக் குழாயையும் திறக்கும் முன், சமையலறைக் குழாயில் வரும் முதல் ஒரு லிட்டரைப் பிடியுங்கள். ஐந்து நிமிஷம் ஓடவிட்டுப் பிடித்தால் ஈயம் சாக்கடையில் போயிருக்கும், ரிப்போர்ட் அழகாக வரும்.

ரிப்போர்ட்டைப் படிப்பது

உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவுகளில் நினைவில் வைக்க வேண்டியவை: ஃபுளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம், நைட்ரேட் 50 மில்லிகிராம், ஆர்சனிக் 10 மைக்ரோகிராம், ஈயம் 10 மைக்ரோகிராம், யுரேனியம் 30 மைக்ரோகிராம். உங்கள் நாட்டுத் தரநிலை இதைவிடக் கொஞ்சம் மாறலாம். ஈயத்துக்கு எழுதியிருக்கும் எண்ணைப் பாதுகாப்பான அளவு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், குழந்தைகளுக்கு எவ்வளவு குறைத்தாலும் நல்லது.

மூன்று இடத்தில் கண் வையுங்கள். ஒன்று, அலகு. மில்லிகிராமா மைக்ரோகிராமா என்பதில் ஆயிரம் மடங்கு வித்தியாசம். இரண்டு, நைட்ரேட்டைச் சில ஆய்வகங்கள் நைட்ரேட்டாகவே சொல்லும், சில அதில் உள்ள நைட்ரஜனை மட்டும் சொல்லும். "நைட்ரஜனாக 11" என்பதும் "நைட்ரேட்டாக 50" என்பதும் ஏறத்தாழ ஒன்றுதான். 11 என்று பார்த்துவிட்டு 50க்குக் கீழே என்று நிம்மதியாக இருந்துவிடக்கூடாது. மூன்று, "கண்டறியப்படவில்லை" என்ற வரி. ஆய்வகத்தின் கருவி ஆர்சனிக்கை 50 மைக்ரோகிராமுக்கு மேல்தான் பிடிக்கும் என்றால் அந்த வரிக்கு அர்த்தமே இல்லை. கண்டறியும் எல்லை என்ன என்று கேட்டு வாங்குங்கள்.

நைட்ரேட் அதிகமென்று வந்து, வீட்டில் ஆறு மாதத்துக்குட்பட்ட புட்டிப்பால் குழந்தை இருந்தால், ஃபில்டர் வரும்வரை காத்திருக்க வேண்டாம். அன்றிலிருந்தே பால் கலக்க வேறு தண்ணீர். ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனை நைட்ரேட் குறைத்து, குழந்தையின் உதடும் நகமும் நீலம் பாரிக்கும். அப்படித் தெரிந்தால் நேராக மருத்துவமனைதான்.

கொதிக்கவைத்தால் போதாதா?

கிருமிக்குப் போதும். ரசாயனத்துக்கு, பல நேரம் நிலைமையை மோசமாக்கும். லிட்டருக்கு 45 மில்லிகிராம் நைட்ரேட் உள்ள 3 லிட்டர் தண்ணீரை அடுப்பில் வைத்து, மறந்துபோய், 2 லிட்டராகச் சுண்டிவிட்டால் அதில் இப்போது லிட்டருக்கு 67.5 மில்லிகிராம். ஆவியாகப் போனது தண்ணீர் மட்டும், நைட்ரேட் பாத்திரத்திலேயே இருக்கிறது. ஆர்சனிக், ஈயம், ஃபுளோரைடுக்கும் இதே கணக்குத்தான். குளோரினும் சில கரைப்பான்களும் கொதியில் பறந்துவிடும் என்பது உண்மை, ஆனால் அவை பறப்பது உங்கள் சமையலறைக் காற்றுக்குள்.

எதற்கு எது

கார்பன், அதாவது தூண்டப்பட்ட கரி: குளோரின், டிரைஹாலோமீத்தேன், பெரும்பாலான பூச்சிக்கொல்லி, பல கரைப்பான்கள், கெட்ட வாடை, ஓரளவு பிஎஃப்ஏஎஸ். ஒரு கிராம் கரிக்குள் இருக்கும் நுண்துளைகளின் பரப்பை விரித்தால் பல நூறு சதுர மீட்டர் வரும், அந்தச் சுவர்களில் இவை போய் ஒட்டிக்கொள்ளும். ஆனால் ஃபுளோரைடும் நைட்ரேட்டும் கடினத்தன்மையும் அதன் வழியாக ஹாயாக நடந்து போய்விடும். ஈயத்துக்கு, அதற்கென்றே செய்து சான்றிதழ் வாங்கிய கட்டிக் கார்பன் வேண்டும். கார்பனுக்கு நேரமும் வேண்டும். குழாயை முழுசாகத் திறந்து விர்ரென்று தண்ணீர் பாய்ந்தால் ஒட்டிக்கொள்ள அவகாசம் இருக்காது. உங்கள் விநியோகத்தில் குளோரினுக்குப் பதில் குளோரமின் (குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்தது) போடுகிறார்கள் என்றால் சாதாரணக் கார்பன் தடுமாறும், கேட்டலிடிக் கார்பன் என்று கேளுங்கள். தண்ணீரைத் திறந்து வைத்தால் குளோரின் போய்விடும், குளோரமின் அவ்வளவு லேசில் போகாது.

ஆர்ஓ: உப்பு, ஃபுளோரைடு, ஈயம், யுரேனியம், குரோமியம், பிஎஃப்ஏஎஸ், ஓரளவு நைட்ரேட். நைட்ரேட் மற்ற உப்புகளைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே கசியும். 120 மில்லிகிராம் உள்ளே போய் 85 சதவீதம் தடுக்கப்பட்டால் வெளியே 18, பரவாயில்லை. உள்ளே 400 என்றால் வெளியே 60, போதாது. ஆர்சனிக்கிலும் ஒரு வில்லங்கம் உண்டு. அது ஆர்சனிக் (III), ஆர்சனிக் (V) என்று இரண்டு வடிவத்தில் வரும். ஆழ்ந்த, காற்றுப்படாத கிணறுகளில் இருக்கும் ஆர்சனிக் (III) சாதாரணப் பிஎச்சில் மின்னேற்றம் இல்லாமல் இருப்பதால் மெம்பிரேனை எளிதாகத் தாண்டிவிடும். முதலில் குளோரின் காட்டி அதை ஆர்சனிக் (V) ஆக மாற்றினால் மாட்டிக்கொள்ளும். அப்புறம் அந்தக் குளோரினே மெம்பிரேனை அரிக்கும் என்பதால் நடுவில் கார்பன் வைக்க வேண்டும். குளோரோஃபார்ம் போன்ற சின்ன மூலக்கூறுகளையும் கரைந்த வாயுக்களையும் ஆர்ஓ சரியாகப் பிடிப்பதில்லை. ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கு மூன்று நான்கு லிட்டர் வரைகூடக் கழிவாகப் போகும். அதைத் தரை துடைக்கவும் கழிப்பறைக்கும் வைத்துக்கொள்ளலாம், செடிக்கு மட்டும் யோசித்து ஊற்றுங்கள், உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது.

ஃபுளோரைடு மட்டும்தான் பிரச்சினை, டிடிஎஸ் குறைவு என்றால் தூண்டப்பட்ட அலுமினா போதும், ஆனால் அது பிஎச் ஆறை ஒட்டி இருக்கும்போதுதான் நன்றாக உழைக்கும். நைட்ரேட்டுக்கு அயனிப் பரிமாற்ற ரெசின் (ஒரு அயனியை விட்டுவிட்டு இன்னொன்றைப் பிடித்துவைக்கும் மணிகள்) உண்டு. ரெசின் நிரம்பிய பிறகும் ஓட்டினால், தண்ணீரில் உள்ள சல்ஃபேட் வந்து பிடித்துவைத்த நைட்ரேட்டைத் தள்ளிவிடும், உள்ளே போனதைவிட அதிகம் வெளியே வரும். யூவி விளக்கு கிருமிக்கு மட்டும், ரசாயனத்துக்கு அது வெறும் விளக்கு. ஜாடி ஃபில்டர் எளிது, ஆனால் பல கார்ட்ரிட்ஜ்கள் 150 லிட்டர் அளவுக்குத்தான். நாள் ஒன்றுக்கு 10 லிட்டர் எடுக்கும் வீட்டில் பதினைந்தே நாள்.

வாங்கும்போதும் மாட்டும்போதும்

"99.9 சதவீதம் சுத்தம்" என்ற வரியைத் தாண்டிப் படியுங்கள். எதை 99.9? அமெரிக்கத் தரச் சான்று நிறுவனமான என்எஸ்எஃப்பின் சான்றிதழ் இருந்தால் எண்ணைப் பாருங்கள்: 42 என்றால் ருசி, வாடை, குளோரின் போன்றவைதான். 53 உடல்நலம் சம்பந்தப்பட்டது, 58 ஆர்ஓவுக்கானது, 401 மருந்துக் கழிவு போன்ற புதுவகைப் பொருள்களுக்கு. 53 என்று போட்டிருந்தாலும் உங்கள் பொருளின் பெயர் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

எங்கே மாட்டுவது என்பதும் ரசாயனத்தைப் பொறுத்தது. ஈயம் வீட்டுக்குள் இருக்கும் குழாயில் இருந்தே வரலாம், அப்போது வாசலில் பெரிய ஃபில்டர் வைத்து ஒரு பயனும் இல்லை, குடிக்கும் குழாயில்தான் வேண்டும். ஆவியாகும் கரைப்பானுக்கு நேர்மாறு. குளிக்கும்போதே மூச்சில் போகும் என்பதால் மொத்த வீட்டுக்கும் வடிகட்ட வேண்டும். ஆர்ஓ தண்ணீர் கொஞ்சம் அமிலமாகி உலோகத்தை அரிக்கும், அதைச் செம்புக் குழாய் வழியாகக் கொண்டுபோகாதீர்கள், பிளாஸ்டிக் டியூப் போதும். புதுக் கார்பனில் முதலில் கருப்புத் தூள் வரும், அது போகும்வரை ஓடவிடுங்கள். ஆர்ஓவில் முதல் ஒன்றிரண்டு டாங்க் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள்.

ஓடுகிறதா, உழைக்கிறதா

இப்போது டிடிஎஸ் மீட்டரை எடுங்கள். உள்ளே போவது 480, வெளியே வருவது 48 என்றால் 90 சதவீதம் தடுக்கிறது. மாட்டிய அன்றே இந்த இரண்டு எண்களையும் தேதியோடு ஒரு டேப்பில் எழுதி மெஷினிலேயே ஒட்டிவிடுங்கள். மாதம் ஒருமுறை அளந்து, 80 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் மெம்பிரேனை மாற்றுங்கள். ஆளில்லாமல் ராத்திரி முழுக்க நின்ற மெஷினில் முதல் டம்ளர் எப்போதும் கூடுதலாகக் காட்டும், சில நிமிஷம் ஓடவிட்டு அளக்க வேண்டும்.

கார்பனுக்கு இந்த மீட்டர் உதவாது, குளோரின் காட்டும் காகிதப் பட்டையை முன்னும் பின்னும் நனைத்துப் பாருங்கள். பின்னாலும் நிறம் ஏறினால் அது முடிந்துவிட்டது. நிறம் ஏறவில்லை என்பதற்காக எல்லாவற்றையும் பிடிக்கிறது என்று அர்த்தமில்லை. மற்ற பொருள்கள் அதற்கு முன்பே கசிய ஆரம்பித்திருக்கும், அதனால் பட்டை எப்படி இருந்தாலும் சொன்ன லிட்டர் கணக்கில் மாற்றிவிடுங்கள். குளோரின் போன பிறகு கார்பனில் கிருமி வளரும் என்பதால் ஊருக்குப் போய் இரண்டு வாரம் கழித்து வந்தால் தாராளமாக ஓடவிட்டே குடிக்க வேண்டும்.

எந்தப் பொருளுக்காக ஃபில்டர் வாங்கினீர்களோ அதை மட்டும், வடிகட்டிய தண்ணீரில், மாட்டிய ஒரு மாதத்திலும் அப்புறம் வருஷத்துக்கு ஒருமுறையும் அதே ஆய்வகத்தில் சோதியுங்கள். எனக்கு நைட்ரேட் ஒன்றுதான் என்பதால் செலவு பெரிதாக இல்லை. முதல் மெஷினோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை.

திடீரென்று ஏதாவது கலந்துவிட்டால்

2014 ஜனவரியில் அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் எல்க் ஆற்றங்கரைத் தொட்டி ஒன்று கசிந்து, நிலக்கரி கழுவப் பயன்படுத்தும் ரசாயனம் தண்ணீரில் கலந்தது. குழாயைத் திறந்தால் அதிமதுர வாசனை. ஏறத்தாழ 3 லட்சம் பேருக்குக் குடிக்காதீர்கள், சமைக்காதீர்கள், குளிக்கவும் செய்யாதீர்கள் என்று அறிவிப்பு வந்தது. இப்படிப்பட்ட நேரத்தில் அறிவிப்பின் வார்த்தையைக் கவனமாகப் படியுங்கள். "கொதிக்கவைத்துக் குடிக்கவும்" என்பது கிருமிக்கு. "குடிக்க வேண்டாம்" என்றால் குளிக்கலாம், ஆனால் குடிக்கவும் சமைக்கவும் கூடாது. "பயன்படுத்தவே வேண்டாம்" என்றால் கழிப்பறைக்குத் தவிர எதற்கும் இல்லை. உங்கள் வீட்டு ஃபில்டர் அந்த ரசாயனத்துக்குச் சோதிக்கப்பட்டது இல்லை, அதை நம்பிக் குடிக்கவும் வேண்டாம், அழுக்குத் தண்ணீரை அதன் வழியே ஓடவிடவும் வேண்டாம். இன்லெட் வால்வை மூடிவிடுங்கள். தடை நீங்கியதும் வீட்டுக் குழாய்கள், தொட்டி, கீசர் எல்லாவற்றையும் ஓடவிட்டு, தெரியாமல் உள்ளே போயிருந்தால் கார்ட்ரிட்ஜ்களையும் தூக்கிப்போட்டுவிட்டு, அப்புறம் வால்வைத் திறக்கலாம்.